மூணாம் சீட்டு அக்கா

பழனி அடிவாரத்தில் ஒரு விடுதி இருக்கிறது. அதன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் ஆதார் அட்டையை வாங்கி, அட்டையையும் ஆளையும் மாற்றி மாற்றி மூன்று தடவை பார்ப்பாராம். குடும்பத்தோடு மொட்டை போடப் போய்வந்த என் நண்பன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மலையிலிருந்து மொட்டைத் தலையோடு இறங்கி வந்து சாவி கேட்டவனிடம், முகம் ஒத்துப்போகவில்லை என்று மறுபடியும் அட்டையைக் கேட்டிருக்கிறார். முடி எடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டாராம்: "அப்படியா? யாரு பாத்தா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி ஒன்றே போதும், ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவர் அந்த விடுதி மேசைக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் நான். நண்பனிடம் இதைச் சொல்லவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அந்த அறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. திண்டுக்கல்லில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த அவசர அழைப்பு அறை அது. ஆறு நாற்காலி, ஆறு தொலைபேசி, சுவரில் ஓரம் பழுத்துப்போன ஒரு மாவட்ட வரைபடம். கூப்பிடுகிறவர்களிடம் பெயர் சொல்லக் கூடாது என்று விதி. அந்தப் பழக்கத்தில் தங்களுக்குள்ளேயும் ரெண்டாம் சீட்டு சார், அஞ்சாம் சீட்டு அக்கா என்றுதான் பேசிக்கொள்வார்கள். இவர் மூணாம் சீட்டு. வேலைக்கு உட்காரும்போது இடது காதுத் தோட்டைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள்வார். ரிசீவர் அழுத்தினால் காது வலிக்கும் என்பதற்காக. வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்வார். தோடு காதில் ஏறிவிட்டால் அன்றைக்கு அவரிடம் வேலை பற்றிப் பேச முடியாது.

நான் அந்த அறைக்குப் போனது அதை மூடுவதற்காக. மாநிலம் முழுவதும் இப்படி இருந்த அறைகளை எடுத்துவிட்டு, எல்லா அழைப்பையும் சென்னையில் ஒரே கூடத்துக்குக் கொண்டுபோகிற வேலை நடந்துகொண்டிருந்தது. கூப்பிடுகிறவர் நிற்கும் இடம் திரையில் புள்ளியாக விழும்; பக்கத்தில் இருக்கும் ஆம்புலன்ஸ் வண்டிக்குத் தானாகவே தகவல் போகும். ஒப்பந்தம் எடுத்த கம்பெனியில் நான் டெக்னீசியன். ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பையன், ஊர் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். மூன்று மாத வேலை.

முதல் நாளே அவர் என்னைச் சோதித்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் என்ன இருக்கும் என்றார். டீக்கடை என்றேன். அதற்கு முன்னால்? ஒரு சின்னப் பாலம். பாலத்துச் சுவரில் எந்தப் பக்கம் உடைந்திருக்கும்? எனக்கு எரிச்சலாக வந்தது. கிழக்குப் பக்கம் என்றேன். சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறந்த ஊரையே நம்ப வைக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். தொலைபேசியில் வருகிறவர்களிடமும் இதே மாதிரிதான் கேட்பார் என்று பிறகு தெரிந்தது.

அவர் யாரையும் நம்பி நான் பார்த்ததில்லை. டீ கொண்டுவருகிறவர் பால் இப்போதுதான் கறந்து வந்தது என்பார். "அப்படியா? யாரு பாத்தா?" மேலதிகாரி வந்து, நம் அறையைப் பற்றிக் கூட்டத்தில் பெருமையாகப் பேசினார்கள் என்பார். அதே கேள்வி, கொஞ்சம் மரியாதையோடு. சாப்பாட்டுத் தூக்கைத் துண்டில் முடிந்து கொண்டுவருவார். மதியம் அவிழ்க்கும் முன் முடிச்சு தான் போட்ட மாதிரியே இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்துச் சீட்டுக்காரர் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் நீட்டினால் முதலில் அவரை ஒரு வாய் சாப்பிடச் சொல்வார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் கேள்வியைச் சொல்லிக்காட்டிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் ஒரு காலை வேளையில் அந்தக் கேள்வி என் காதில் வேறு மாதிரி விழுந்தது. ஒட்டன்சத்திரம் சாலையில் காய்கறி வண்டியும் இருசக்கர வண்டியும் மோதிவிட்டன. கூப்பிட்டவர் அழுதுகொண்டே, ஆள் போய்விட்டார், இனிமேல் நிதானமாக வந்தால் போதும் என்றார்.

"போயிட்டாருன்னு யாரு பாத்தா?" என்றார் அக்கா.

எல்லாரும் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது.

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும். நீங்க கிட்டப் போங்க. மூக்குக்கிட்ட கைய வைங்க. நெஞ்சு ஏறி எறங்குதா?"

அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு அந்த ஆள் கத்தியது எனக்கே கேட்டது. மூச்சு இருந்தது. வண்டி போனது, அடிபட்டவர் பிழைத்தார். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மூன்று பேர் இந்த அக்காவால் உயிரோடு நடமாடுகிறார்கள் என்று அஞ்சாம் சீட்டு என்னிடம் சொன்னார். அக்காவிடம் போய் இதைச் சொன்னால் என்ன கேட்பார் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நான் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், ஒரு கிணற்றில் ஆள் விழுந்துவிட்டதாக அழைப்பு வந்தது. அந்த வாரம் முழுவதும் அதே பக்கத்திலிருந்து யாரோ விளையாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மூன்று தடவை யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறார். கூப்பிட்டவர் கோபப்பட்டுத் துண்டித்துவிட்டார். வண்டி அனுப்பத்தான் செய்தார், ஆனால் தாமதம். போன வண்டியும் திரும்ப வேண்டிய பிரிவைத் தாண்டிப் போய் வேறொரு தென்னந்தோப்புக்குள் நுழைந்து சுற்றியது. ஆளைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். இந்தக் கதையை நான் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகக் கேட்டேன். ரெண்டாம் சீட்டு சொன்னதில் தவறு முழுக்க அக்காவுடையது. அஞ்சாம் சீட்டு சொன்னதில் தவறு முழுக்க டிரைவருடையது.

ஒரு நாள் துணிந்து அவரிடமே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "நான் கேட்டது தப்பு இல்ல தம்பி," என்றார். "கேட்டுட்டு இங்கனயே உக்காந்திருந்தேன் பாருங்க, அதுதான் தப்பு." நாற்காலியை விட்டு வேறு எங்கே போயிருக்க முடியும் என்று நினைத்தேன். சமாளிக்கிறார் என்று பட்டது.

எங்களுக்குள் உரசல் வந்தது புதிய திரையை நான் ஓட்டிக்காட்டிய அன்று. ஒரு செல்போனிலிருந்து கூப்பிட்டேன், புள்ளி சரியாக எங்கள் கட்டடத்தின் மேல் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மட்டும் "அப்படியா?" என்று எழுந்து, படி இறங்கி, தெருவைத் தாண்டிப் போய் நின்று தன் போனிலிருந்து கூப்பிட்டார். புள்ளி அடுத்த தெருவில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய் நின்றது. இருநூறு மீட்டர்தான் வித்தியாசம், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். "அந்த எறநூறு மீட்டர்ல ஒரு ரயில்வே லைன் குறுக்க ஓடுனா என்ன பண்ணுவீக?" என்றார். ரெண்டாம் சீட்டு சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று இப்போது சொன்னால் பொய் சொன்னதாகும்.

அதற்குப் பிறகுதான் பழைய அழைப்புப் பதிவுகளைப் புதிய கணினிக்கு மாற்றும் வேலை வந்தது. ஒவ்வொரு சீட்டிலிருந்தும் எந்தெந்த எண்ணுக்குப் பேசினார்கள் என்பது அதில் இருக்கும். மற்ற ஐந்து சீட்டுகளிலும் காவல் நிலையம், தீயணைப்பு, மருத்துவமனை, வண்டி ஓட்டுநர், அவ்வளவுதான். மூன்றாம் சீட்டில் மட்டும் வேறொன்று இருந்தது. சாலை விபத்து என்று ஓர் அழைப்பு வந்தால், வண்டிக்குச் சொன்ன கையோடு ஒரு தனியார் செல்போனுக்கு ஓர் அழைப்பு போகிறது. ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. திரும்பத் திரும்ப வருவது ஏழு எண்கள்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொழில் உண்டு. அரசு வண்டி வருவதற்குள் ஒரு தனியார் வண்டி வந்து அடிபட்டவரை அள்ளிக்கொண்டு போகும். அது எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பது முன்பே பேசி வைத்தது. அந்த வண்டிக்கு யாராவது உள்ளேயிருந்து துப்புக் கொடுக்க வேண்டும். ஏழு எண்களையும் பார்த்த உடனே எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கூடவே அந்த நோட்டு. பழுப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டை எப்போதும் பக்கத்தில் வைத்திருப்பார். நான் அருகில் போனால் அது நாற்காலி மெத்தைக்கு அடியில் போய்விடும், அவர் அதன் மேல் உட்கார்ந்துவிடுவார். ஊர்களின் அடையாளம் ஏதாவது அதில் எழுதியிருந்தால் கணினியில் ஏற்றலாம் என்று இரண்டு தடவை கேட்டேன். "அது உங்க மிசினுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஏழு எண்கள் யாருடையவை என்று நேரடியாகவே கேட்டேன். வேலைக்கான போன்தான் என்றார். யாருக்கு என்றேன். அது உங்களுக்கு எதற்கு என்றார். ஊரில் இருக்கும் அத்தனை பேரிடமும் யார் பார்த்தது என்று கேட்கிற ஆள், தன்னிடம் ஒரு கேள்வி வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாரே என்று என் சந்தேகம் இறுகியது.

அந்தச் சமயத்தில் என்ன நிலைமை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறை மூடியதும் ஆறு பேரில் ஒருவரை மட்டும் மாவட்டத்துக்கான இணைப்பு ஆளாக வைத்துக்கொள்வார்கள். மற்ற ஐந்து பேருடைய ஒப்பந்தமும் முடிந்துவிடும். எல்லோரையும்விட அதிக வருடம் இருந்தவர் மூணாம் சீட்டு, அதனால் அந்த வேலை அவருக்குத்தான் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். கணவர் இல்லை. மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது. இது தெரிந்துதான் என் மேலாளருக்கு எழுதினேன். எழுதும் முன் ரெண்டாம் சீட்டிடம் கேட்டேன். தனக்கும் ரொம்ப நாளாகச் சந்தேகம்தான் என்று அவர் மெல்லச் சொன்னார். அந்த வேலை கடைசியில் அவருக்குத்தான் கிடைத்தது.

விசாரணைக்கு மேலாளர் சென்னையிலிருந்து வந்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஏழு எண்களும் அச்சிட்ட தாளை மேசையில் வைத்தார். அக்கா அதில் ஒவ்வோர் எண்ணாக விரலை வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுல யார்ட்டயாவது நீங்க பேசிப் பாத்தீகளா?"

இல்லை என்றேன்.

"அப்ப நான் துப்புக் குடுத்தேன்னு யாரு பாத்தா?"

"பதிவுல இருக்குக்கா."

"பதிவுல நம்பருதான் இருக்கு தம்பி."

மேலாளர் நல்லவர்தான். இவர்கள் யார் யார் என்று பெயரைச் சொல்லிவிட்டால் விஷயம் இங்கேயே முடிந்துவிடும் என்று பொறுமையாகவே சொன்னார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் சொல்லிவிட மாட்டாரா என்றுகூட இருந்தது. "பேரு சொல்ல மாட்டேன் சார்," என்றார். அவ்வளவுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்போது காலை பதினோரு மணி, வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது. அவர் டப்பாவைத் திறந்து இடது காதில் தோட்டைப் போட்டுக்கொண்டார். நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மூன்று நாள் கழித்து அறையை மூடினோம். மதியம் இரண்டு மணி இருக்கும். ஒவ்வொரு சீட்டாக வயரைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் சீட்டில் கை நின்றது. யாரிடமாவது பேசிப் பார்த்தீகளா என்று அவர் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. அடித்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும், நிம்மதியாக ஊர் போய்ச் சேரலாம் என்று ஏழில் முதல் எண்ணை அந்தத் தொலைபேசியிலிருந்தே அடித்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். ஓர் ஆண் குரல். பின்னால் லாரி உறுமும் சத்தம்.

"சொல்லுங்கக்கா. எங்கன போயி நிக்கணும்?"

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"அக்கா? லைன் சரியில்லையா? பாலத்துக்கிட்டயா, சூளை முக்கா? சரி, நான் சூளை முக்குலயே நிக்கிறேன். துண்டு கையில இருக்கு. வண்டிய வரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார். வண்டி வழி தவறாமல் திரும்புவதற்கு முக்கில் ஓர் ஆள். ஏழு எண்ணும் அதுதான். கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததுதான் தப்பு என்று அவர் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார், எனக்குத்தான் ஏறவில்லை. அவமானமாக இருந்தது. மறுபடி அடிப்பதற்குள் எக்ஸ்சேஞ்சில் அந்த லைனைத் துண்டித்துவிட்டார்கள்; உடனே என் செல்போனிலிருந்து அந்த ஆளைக் கூப்பிட்டேன். தெரியாத எண் என்று அவர் எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை. மேலாளரைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். உத்தரவு போய்விட்டது, அந்த இடத்துக்கும் ஆள் போட்டாயிற்று, எப்படியிருந்தாலும் வெளியாளுக்குத் தகவல் சொன்னது விதிப்படி தவறுதானே என்றார். எழுத்திலும் கொடுத்தேன். கிடைத்தது என்று பதில் வந்தது.

பின்னாளில் மற்ற எண்களையும் விசாரித்தேன். ஒரு பூ மண்டிக்காரர், பஞ்சர் ஒட்டுகிறவர், ரேஷன் கடையில் எடை போடும் பெண் என்று ஆறு பேர் யாரென்று தெரிந்தது. ஏழாவது எண் மட்டும் எப்போது அடித்தாலும் அணைத்து வைத்திருந்தது. அது யாராக இருக்கும் என்று இப்போதும் சில நாள் யோசிக்கிறேன். இவ்வளவு நடந்த பிறகும் என் புத்தி அந்த ஏழாவதில்தான் போய் நிற்கிறது.

அன்று வேலையை அப்படியே போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். பதிவில் அந்த எண்ணுக்கு முன்னால் வந்த விபத்துகள் எல்லாம் கொடைரோடு பக்கம். அங்கே ஒரு டீக்கடையில் சூளை முக்கு எது என்று கேட்டுப் போய்ச் சேரும்போது மணி நாலரை. நெடுஞ்சாலையிலிருந்து மண்பாதை பிரியும் இடத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சிவப்புத் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரில் லாரி எடைமேடை. அங்கேதான் அவருக்கு வேலை. இரண்டரை மணி நேரமாக வெயிலில் நின்றதில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வண்டியை நிறுத்தி, யாருக்காக நிற்கிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். அவர் என் பைக்கின் நம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

திண்டுக்கல்லில் அந்த அக்கா இருந்த ஆபீஸ் என்றேன்.

"அக்கா எங்க?"

இனிமேல் வர மாட்டார் என்றேன். அவர் முகம் மாறியது.

"அப்ப என் நம்பரு உங்களுக்கு எப்படிக் கெடச்சுச்சு? நீங்க போலீஸா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு தடவை அடிபட்ட ஒருவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டதற்குச் சாட்சி என்று சொல்லி எட்டு முறை கோர்ட்டுக்கு அலைய விட்டார்களாம். அதற்குப் பிறகு சாலையில் யார் விழுந்து கிடந்தாலும் பார்க்காத மாதிரிப் போய்விடுவாராம். "அக்காதான் பேசுனாக. தூக்க வேணாம், தொட வேணாம், முக்குல நின்னு வண்டிக்குக் கைய மட்டும் காட்டுங்க, ஒங்க பேரு எங்கயும் வராதுன்னாக. இம்புட்டு வருசத்துல வரல," என்றார்.

அவருடைய எண் முதலாவதாக அச்சிட்ட தாள் என் பைக்குள் இருந்தது. இன்னொரு பிரதி சென்னைக்குப் போயிருந்தது. விசாரணையில் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததும், என்னைக் கண்டால் நோட்டை மறைத்ததும் நினைவுக்கு வந்தன. இந்த ஆளின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அண்ணே, மத்தியானம் போன் அடிச்சது நான்தான்," என்றேன். "சும்மா சோதிச்சுப் பாக்க அடிச்சேன். எங்கயும் எதுவும் நடக்கல. நீங்க போங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுவும் நடக்கலயா?"

"இல்லண்ணே."

"யாரு பாத்தா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தூரத்தில் ஒரு வெள்ளை வண்டி தெரிந்தது. அவர் இரண்டு எட்டு முன்னால் போய்த் துண்டை விரித்து வீசினார். அது பால் வண்டி. நிற்காமல் போனது. துண்டை மறுபடியும் கையில் சுருட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் பார்த்து நின்றார்.